ஐந்து பிழையும் எழுபது மதிப்பெண்ணும்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதிவிட்டு, அங்கே நீ நலமா என்று கேட்பது வழக்கம். எத்தனையோ பேருக்கு எத்தனையோ வருடமாக அப்படி எழுதியிருக்கிறேன், ஒருவரிடமும் அந்தக் கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்ததில்லை. இந்தத் தடவை எதிர்பார்க்கிறேன். நீ நலமா?

கடிதம் தமிழில் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கண்ணில் புரை எடுத்தார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். நீ ஆறாம் வகுப்பில் விடுதிக்குப் போன நாளிலிருந்து நமக்குள் ஆங்கிலத்தில்தான் கடிதப் போக்குவரத்து என்று சட்டம் போட்டவன் நான். நீ எழுதுவாய், நான் சிவப்பு மையில் திருத்தி, அடியில் மதிப்பெண் போட்டு, உன் கடிதத்தையே உனக்குத் திருப்பி அனுப்புவேன். கல்யாணமாகிப் போன பிறகும் அது நிற்கவில்லை, உனக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு தடவை தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு, மீதி இரண்டு எங்கே போயிற்று என்று சண்டை பிடித்து நான்கு பக்கம் எழுதி, அந்தக் கடிதத்துக்கு எண்பத்தைந்து வாங்கினாய். இப்போது ஏன் தமிழ் என்றால், ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. இரண்டு நாள் முயன்று பார்த்தேன். என் கடிதத்தை நானே திருத்தி எனக்கு நானே அறுபது போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாமே என்று நீ கேட்கமாட்டாய். இருபத்தெட்டு வருடம் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்த காது இது என்று உனக்குத் தெரியும். இருந்தும் போன வாரம் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல் ஏதோ சொல்லிற்று, நீதான் என்று நினைத்து நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன், கண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, மோட்டார் கெட்டுப்போனதைப் பற்றி. வீட்டுக்காரம்மா வந்து போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டு, "சார், இந்த நம்பர் இப்ப உபயோகத்துல இல்லேன்னு மெஷின் சொல்லுது, அதுகிட்டப் போய் இவ்வளவு நேரமா பேசிட்டிருக்கீங்க" என்றார். இயந்திரமாவது குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டது.

உன் கடைசிக் கடிதம் வந்து மூன்று மாதமும் பதினோரு நாளும் ஆகின்றன. வந்த அன்றே திருத்தினேன். ஐந்து பிழை, ஐந்தும் ஒரே குடும்பம். நேரத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் பிரிக்க வேண்டியதைச் சேர்த்தும் சேர்க்க வேண்டியதைப் பிரித்தும் எழுதியிருந்தாய். 'எவ்ரிடே' என்று ஒட்டி எழுதினால் சர்வ சாதாரணமான என்று பொருள், நடுவில் இடம் விட்டால்தான் தினந்தோறும். 'சம்டைம்' ஒட்டியிருந்தால் என்றோ ஒரு பொழுது, பிரிந்திருந்தால் கொஞ்ச காலமாக. இதெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. இடைவெளிக்கு ஒரு குறி, இணைப்புக்கு ஒரு வளைவு என்று ஓரமெல்லாம் சிவப்பாக்கி, நூற்றுக்கு எழுபது போட்டு, 'கவனம் போதாது' என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடும் இழுத்தேன். 'எனிமோர்' என்று நீ ஒட்டி எழுதியிருந்த இடத்தில் மட்டும் எனக்கே சந்தேகம். ஓர் அகராதி ஒட்டு என்கிறது, இன்னொன்று வெட்டு என்கிறது. ஒரு மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. இனிமேல் என்னால் முடியாது என்று நீ எழுதியிருந்தாய். அந்த 'இனிமேல்' ஒரு சொல்லா இரண்டு சொல்லா என்று பார்த்தேனே தவிர, என்ன முடியாது என்று நான் பார்க்கவில்லை.

வழக்கமாகப் பத்து நாளில் உன் பதில் வந்துவிடும். வரவில்லை. மதிப்பெண் குறைந்ததில் உனக்கு வருத்தம் என்று முடிவு செய்து, மறுமதிப்பீட்டில் எண்பது அளிக்கப்படுகிறது என்று ஒரு கார்டு போட்டேன். அதற்கும் பதில் இல்லை. சரி, பிழை எங்கே என்று புரியாமல் தவிக்கிறாய் போலிருக்கிறது என்று, இத்தகைய சொற்கள் பதினெட்டையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணத்துடன் தட்டச்சு செய்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட ரசீதும் வந்தது. பெற்றுக்கொண்டுவிட்டாள், படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தேன். நான் இப்படி ஒரு மனிதன்.

பிழை திருத்தும் எங்கள் தொழிலில் முதல் பாடமே பொருளைப் படிக்காதே என்பதுதான். கதை நன்றாக இருக்கிறதே என்று, சோதனை அச்சுப் படியான புரூஃபில் ஒரு நிமிடம் லயித்தால் போதும், அந்தப் பத்தியில் மூன்று பிழை தப்பிவிடும். எழுத்தைப் பார்க்க வேண்டும், புள்ளியைப் பார்க்க வேண்டும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும், வாக்கியம் என்ன சொன்னால் நமக்கென்ன. என் சித்தப்பா காலமான அறிவிப்பு எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது, நினைவிருக்கிறதா? அவர் பெயரில் இருந்த ஒற்றுப்பிழையை நான்தான் திருத்தினேன். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமில்லை என்று கண்டுபிடித்து அதற்காக முதலாளியிடம் பாராட்டும் வாங்கினேன். மறுநாள் உன் அம்மா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபோதுதான் சித்தப்பா செத்துப்போனது எனக்குத் தெரியும்.

அம்மா இருந்தவரை உன் கடிதம் வந்தால், நான் சிவப்புப் பேனாவைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "புள்ள என்னங்க எழுதியிருக்கா? நல்லா இருக்காளாமா? சாப்பாடெல்லாம் ஒத்துக்குதாமா?" என்று கேட்பாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவளுக்குச் சொல்வதற்காக நான் ஒரு தடவை பொருளைப் படிப்பேன், பிறகு திருத்துவதற்காக இன்னொரு தடவை எழுத்தைப் படிப்பேன். அந்த முதல் தடவை என்னுடையது என்று நானும் நினைத்துவிட்டேன், நீயும் நினைத்துவிட்டாய். அது அவளுடையது. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. ஆறு வருடமாக நீ எழுதியதை நான் ஒரு தடவைதான் படித்து வந்திருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கமானது. பழைய அச்சக முதலாளி, மாணவர்களுக்காக இந்தச் சேரும் சொல் பிரியும் சொல் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரச் சொல்லியிருந்தார். 'ஒன்றா, இரண்டா?' என்று பெயர் வைத்து ஏறக்குறைய முடித்துவிட்டேன், கடைசிப் பயிற்சி மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. ஐந்து வாக்கியம், ஐந்திலும் எனக்கு வேண்டிய பிழை. நேரச் சொல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கோட்டைப் போட்டு, 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று தலைப்புக் கொடுத்து, பதினான்காம் பக்கத்தில் அப்படியே வைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் பிரதி தயாரானதும், என் பெண்ணின் கடிதத்தை வைத்துப் புத்தகம் போடுகிறேன் என்று கீழ்த்தளத்துத் தையல்காரரிடம்கூடப் பெருமையடித்தேன். மறுநாள் வியாழக்கிழமை, காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரதியோடு போனவன் மாலை வரை அச்சகத்திலேயே இருந்தேன். முதலாளி பதினான்காம் பக்கத்தைப் படித்துவிட்டு, "சார், இதுல ஒரு உயிர் இருக்கு" என்றார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

புரூஃப் வந்தபோது என் கண்ணில் கட்டு. இரண்டு வாரம் எழுத்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவது, உன் வெண்கலம் மாமாவைத்தான் கூப்பிட்டேன். அச்சகத்தில் அந்த இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் மூலப்பிரதியை அவர் உரக்கப் படிக்க, நான் புரூஃபில் விரலை வைத்துக்கொண்டு போவேன், இருபது வருடம் அப்படித்தான் வேலை பார்த்தோம். சும்மாவா வெண்கலம் என்று பெயர் வைத்தார்கள், அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் கதவைத் திறப்பார்கள். அறையில் புழுக்கம் என்று மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கமா, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, கோடிட்ட இடத்துக்குக் கோடு என்று எல்லாவற்றையும் சொல்லிப் படிப்பதுதான் எங்கள் முறை. பதின்மூன்று பக்கம் குதிரை மாதிரி ஓடிற்று. பதினான்காம் பக்கத்தை அவர் ஆங்கிலத்தில்தான் படித்தார், நான் உனக்குத் தமிழில் எழுதுகிறேன்.

"எண் ஒன்று. நான் கோடு சின்ன அறையில்தான் படுத்துக்கொள்கிறேன் முற்றுப்புள்ளி. எண் இரண்டு. கோடு நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் கமா அவர் வந்தாலும் வராவிட்டாலும் முற்றுப்புள்ளி. எண் மூன்று. இதை என்னால் கோடு தாங்க முடியாது முற்றுப்புள்ளி. எண் நான்கு. அடுத்த வாரம் கோடு நான் அங்கே வரலாமா கமா அப்பா கேள்விக்குறி."

அந்த 'அப்பா'வைக்கூட நான் எடுக்கவில்லை, மகளே. பயிற்சிக்கு அது தேவையே இல்லை. நேரச் சொல்லாக இல்லாததால் என் கண்ணில் படவில்லை.

வெண்கலம் நிறுத்திவிட்டார். நான் பழக்க தோஷத்தில் "ம், அஞ்சு" என்றேன்.

"இது யாரு எழுதினது?" என்றார்.

"தொகுப்பு நான்தான்."

"தொகுப்பைக் கேக்கலைய்யா. எழுதினது யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் ஐந்தாவதையும் படித்தார். அந்த மனிதர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான், எப்படியோ என் காதிலும் விழுந்தது. "உங்களுக்குத் தொந்தரவு இல்லாமல் கோடு மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன்." கொஞ்ச நாள் மட்டும். அவர் முற்றுப்புள்ளி சொல்லவில்லை. பிறகு, "நம்ம குட்டியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "இதுக்குப் போய் எழுபது போட்டியா?" என்றார். அதையும் அவரிடம் சொல்லி வைத்திருந்தேனே. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. வெண்கலம் பஞ்சை எடுத்துக் கட்டுக்குக் கீழே ஒற்றிக்கொண்டே, "அழாதடா, கண்ணு போயிடும், அழாதடா" என்று சத்தம் போட்டு அழுதார். மூன்று தளத்திலும் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா யார் போய்விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். கீழே தையல் இயந்திரம் நின்றுபோயிற்று என்று வெண்கலம் பிற்பாடு சொன்னார்.

மறுநாளே ஒற்றைக் கண்ணோடு, வெண்கலம் கையைப் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். படிக்கட்டில் ஒரு தடவை விழுந்தேன், அடி ஒன்றும் இல்லை. பதினான்காம் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். "சார், அச்சடிக்கத் தகடே பண்ணியாச்சு. அதுவுமில்லாம புத்தகத்துலயே அந்தப் பக்கம்தான் நல்லா இருக்கு" என்றார் முதலாளி. எத்தனையோ காரணம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன், அதையெல்லாம் விட்டுவிட்டேன். "அது புத்தகம் இல்லீங்க, என் பொண்ணு எனக்குப் போட்ட கடுதாசி. நான் இன்னும் பதில் போடலை" என்றேன். அவர் எழுந்துபோய் அந்தத் தகட்டைத் தானே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு பூனை தினமும் பால் குடிக்கிறது, கொஞ்ச நேரம் தூங்குகிறது, என்றைக்காவது ஒரு நாள் எலி பிடிக்கலாம் என்று இருக்கிறது. மாணவர்களுக்கு அது போதும்.

இனி உன் கடிதத்துக்குப் பதில். சின்ன அறையில் படுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். எத்தனை நாளாக, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, காற்று வருகிறதா, இதையெல்லாம் நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். தனியாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நானும் இங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன. எனக்கு அம்மா போய்விட்டாள், அதனால் தனி. உனக்கு அவர் எதிர் நாற்காலியில் இருக்கும்போதே தனி என்றால் அது இதைவிடக் கொடுமை. தாங்க முடியாது என்று எழுதியிருந்தாய். தாங்க வேண்டாம். வரலாமா என்று கேட்டிருந்தாய். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் உன்னை நான் வைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள். உன் வீட்டுக்கு நீ வர யாரிடம் அனுமதி? கொஞ்ச நாள் மட்டும் என்றெல்லாம் இல்லை, இருக்கும் வரை இரு. உன் அறையில் அடைத்து வைத்திருந்த புரூஃப் கட்டுகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டேன். கட்டில் கால் ஆடிக்கொண்டிருந்தது, தச்சர் வந்து ஆப்பு வைத்துவிட்டுப் போனார். ஜன்னல் இப்போது முழுதாகத் திறக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி நானாக ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், என் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து சொல், அது கொஞ்சம் தேவலை. சீக்கிரம் வாம்மா. எந்தக் கிழமையானாலும் வா. நான் இனி எங்கும் போகமாட்டேன், வீட்டிலேயே இருப்பேன்.

எங்கிருந்தாலும் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நிறைவாக இருக்க வேண்டும் என்று, உன் அம்மாவுக்கும் சேர்த்து நானே ஆசீர்வதிக்கிறேன். வெண்கலம் மாமா அன்பைச் சொல்லச் சொன்னார், நான்கு வீடு தள்ளித் தன் வாசலில் நின்றுகொண்டே சொன்னார். வீட்டுக்காரம்மாவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, உன் முகவரி எழுதி, தபாலில் சேர்க்கக் கீழே இறங்கினேன். நான் கடைத்தெருவுக்குப் போயிருக்கும் நேரத்தில் நீ வந்துவிட்டால் என்ன செய்வது என்று, மாற்றுச் சாவியைத் தையல்காரரிடம் கொடுத்து, "என் பொண்ணு வந்தா இதைக் குடுத்துடுங்க, படியில உக்கார வச்சிடாதீங்க" என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "மூணு மாசம் கழிச்சு இப்பத்தான் சார் பொண்ணுன்னு வாயத் தொறக்கறீங்க" என்றார். பிறகு இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த துணி மூட்டையை விலக்கி உன் பெட்டியை இழுத்தார்.

அந்த வியாழக்கிழமையே நீ வந்தாயாம். சிவப்பு மைக் கடிதம் கையில் இருந்ததாம். எழுபது போட்டதைப் பார்த்த பிறகும் வந்திருக்கிறாய். காலை பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை படியில் உட்கார்ந்திருந்தாயாம். அப்பா எங்கே என்று கேட்டதற்கு இந்த நல்ல மனிதர், "உங்க லெட்டரை வச்சுத்தான் அப்பா புத்தகம் போடறாரும்மா, அச்சாபீசுக்குப் போயிருக்கார்" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். கூட வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டு முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "பெட்டி இங்கயே இருக்கட்டும். அப்பாவா என்னைப் பத்திக் கேட்டா ரெண்டையும் குடுங்க, நீங்களா சொல்லாதீங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாயாம். மூன்று மாதமாக நான் தினம் அந்தக் கடையைத் தாண்டிப் போகிறேன். கால்சட்டை இடுப்பைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு இரண்டு தடவை, துணி மூட்டை என்று நினைத்து அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் இலக்கணம் பேசியிருக்கிறேன். "அன்னிக்கு மாடியில நீங்க அழுதப்ப ஏறி வந்து சொல்லிடலாம்னு ரெண்டு படி ஏறிட்டேன். சத்தியம் பண்ணிட்டேனே. நீங்க கேக்கவே இல்லையே சார்" என்கிறார்.

அதனால் மேலே எழுதியிருக்கும் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. உறையில் எழுதியிருக்கும் முகவரியில் நீ இல்லை. எண்பது மதிப்பெண்ணும் பதினெட்டுச் சொல் பட்டியலும் மாப்பிள்ளைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றன, கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அவர்தான். 'நீ வா, நீ வா' என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடு. நீ வந்தாய். நான்தான் இல்லை. பெட்டியை மாடியில் உன் அறையில் வைத்துவிட்டேன், திறக்கவில்லை. கடிதத்தைத் தபாலில் சேர்க்கவும் இல்லை, சட்டைப் பையில் வைத்து நானே கொண்டுவருகிறேன். தையல்காரர் கொடுத்த சீட்டைப் பார்த்து, இரண்டு மணிப் பேருந்தில் நான் புறப்படுகிறேன். வெண்கலமும் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டு வாசலில் இருப்பேன், நீ வேலை முடிந்து வரும்வரை அங்கே படியில் உட்கார்ந்திருப்பேன்.